எந்த ஊர்ப் பட்டியலில் என் பேர்?

வாசகர் கேள்வி:

வக்கீல் அக்காவுக்கு வணக்கம். நான் பெரம்பூரில் ஜமாலியா பக்கம் பிறந்து வளர்ந்தவன். அப்பா ரயில்வே லோகோ பணிமனையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். 2018-ல் பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு விசா கிடைத்து மனைவியோடு சிட்னிக்கு வந்தேன். டூங்காபியில் வாடகை வீடு. எனக்கு ரயில் பராமரிப்பு டிப்போவில் வேலை, மனைவி நர்ஸ். மகள் 2020-ல் இங்கேயே பிறந்தவள். குடியுரிமைத் தேர்வில் இரண்டு பேரும் பாஸ் செய்துவிட்டோம், ஒப்புதலும் வந்துவிட்டது. உறுதிமொழி விழாவுக்கு அழைப்பு வரவேண்டியதுதான் பாக்கி. மனைவிக்குத் தயக்கமே இல்லை, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. "பாஸ்போர்ட்டை வித்துட்டியாடா" என்று அப்பா போனில் கேட்டார். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வீட்டுக்கு வந்தவர்களிடம் அம்மா உண்மையைச் சொல்லிவிட்டார். டிசம்பர் வரைவுப் பட்டியலில் என் பேர் இல்லை. "பையன் இங்கதான் இருக்கான்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, சேத்துடலாம்" என்று தெருவில் ஒரு கட்சிக்காரர் சொல்கிறாராம். நேற்று பீகாரிலிருந்து வந்தவனுக்கெல்லாம் பெரம்பூரில் ஓட்டு, பிறந்த எனக்கு இல்லையா? இங்கேயோ 2025 ஆகஸ்ட் 31 அன்று குடியேறிகளுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். துண்டறிக்கையில் இந்தியர்கள் என்று பேர் சொல்லியே போட்டிருந்தார்கள். அன்று மகளை வெளியே கூட்டிப்போகவில்லை. நான் உறுதிமொழி எடுக்கலாமா? எடுத்தால் பெரம்பூர் வீடு என்ன ஆகும்?

– பெயர் வேண்டாம், டூங்காபி, சிட்னி

பதில்:

தம்பி, கடைசியில் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். பெரம்பூர் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டால் அப்பா சொத்தில் பங்கு போய்விடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது தப்பு. வாரிசுரிமைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சம்பந்தமில்லை. இந்தியக் குடியுரிமையை விட்டவர்களுக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொண்டால் குடியிருக்கும் வீடு, கடை எல்லாம் வாங்கலாம், விற்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் என்ற முறையில் இன்றைக்கும் உங்களால் அதை வாங்க முடியாது. ஆகவே அந்தக் கணக்கில் புதிதாக நஷ்டம் எதுவும் இல்லை.

நஷ்டம் வரக்கூடிய இடம் வேறு. அது நேரம் சம்பந்தப்பட்டது. ஆஸ்திரேலியா 2002 ஏப்ரல் முதல் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்கிறது. இந்தியா ஒப்புக்கொள்வதில்லை. நம் குடியுரிமைச் சட்டம் 1955-ன் 9-ஆம் பிரிவுப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவருக்கு இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடும். யாரும் கடிதம் போடமாட்டார்கள், கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். தேர்வில் பாஸ் ஆன அன்று நீங்கள் இந்தியர். ஒப்புதல் வந்த அன்றும் இந்தியர். உங்கள் ஊர் கவுன்சில் மண்டபத்தில் நின்று உறுதிமொழியின் கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்ததும் இல்லை. அதற்குப் பிறகு பீரோவில் இருக்கும் நீலப் புத்தகத்தில் இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருந்தாலும் அதில் பயணம் செய்யக்கூடாது.

இதில் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. தம்பு செட்டித் தெருவில் என் ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருக்கிறது. மூச்சு வாங்க ஏறி வந்து, "மேடம், அம்மா சீரியஸ்னு போன் வந்துச்சு, கையில இருந்த பாஸ்போர்ட்ல வந்துட்டேன்" என்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் சட்டம் அம்மாவின் உடல்நிலையைக் கேட்காது. அபராதம், விளக்கக் கடிதம், அலைச்சல் எல்லாம் உண்டு. உறுதிமொழிக்குப் பிறகு ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து சரண்டர் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கப்புறம் விசாவோ ஓ.சி.ஐ.யோ. இந்த இடைப்பட்ட வாரங்களில் சட்டென்று கிளம்பி வர முடியாது. உங்கள் அப்பாவுக்கு என்ன வயது என்று எழுதவில்லை, எழுபதைத் தொட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஒப்புதல் வந்ததிலிருந்து பொதுவாக 12 மாதத்துக்குள் உறுதிமொழி எடுத்தால் போதும். ஆகவே முதலில் ஒரு தடவை பெரம்பூர் வந்து போங்கள். கிளம்பும் முன் பி.ஆர். விசாவின் பயண அனுமதியைப் பாருங்கள், அது ஐந்து வருஷத்துக்குத்தான். 2018-ல் வந்தவருக்கு 2023-லேயே முடிந்திருக்கும். புதுப்பிக்காமல் வந்தால் திரும்பிப் போவது தலைவலி.

சரி, பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கட்சிக்காரர் கேட்கிற கையெழுத்தை அம்மா போடக்கூடாது. அவர் நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லலாம். ஆனால் வாக்காளர் பட்டியலுக்காகப் பொய்யான உறுதி எழுதிக்கொடுப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-ன் 31-ஆம் பிரிவில் குற்றம், ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு. மாட்டுவது கையெழுத்துப் போட்ட அம்மா. உங்கள் அம்மா செய்தது சரி என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நேர் வழி ஒன்று இருக்கிறது. அதே சட்டத்தில் 2010-ல் சேர்த்த 20ஏ பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காத வெளிநாடுவாழ் இந்தியர் படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரியின் தொகுதியிலேயே வாக்காளர் ஆகலாம். ஏழு வருஷமாக இந்த வழி உங்களுக்குத் திறந்துதான் இருந்தது. ஆனால் ஓட்டுப் போட நேரில் வரவேண்டும், அசல் பாஸ்போர்ட்டோடு. தபால் ஓட்டு கிடையாது. 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க இப்படிப் பதிந்திருந்தவர்கள் சுமார் 1.19 லட்சம் பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் மூவாயிரம்கூட இல்லை, அதிலும் பெரும்பாலானோர் கேரளக்காரர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 2018-க்குப் பிறகு பெரம்பூரில் ஓட்டுப் போட்டதாக ஒரு வரியும் இல்லை. நீங்கள் விடப்போவது பாஸ்போர்ட்டைத்தான். ஓட்டை எப்போதோ விட்டுவிட்டீர்கள். டூங்காபியிலும் இல்லை, ஜமாலியாவிலும் இல்லை என்று ஏழு வருஷம் ஓட்டில்லாமல் இருந்திருக்கிறீர்கள், அது உங்களுக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அடுத்து, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். பீகார்க்காரர் பற்றி நீங்கள் எழுதிய வரி. அடுத்த மூச்சிலேயே சிட்னி ஊர்வலத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் துண்டறிக்கை எழுதியவரும் 'நேற்று வந்தவன்' என்றுதான் ஆரம்பித்திருப்பார்.

சட்டப்படி பார்த்தால், பட்டியலில் பேர் வர இரண்டே விஷயம்தான்: இந்தியக் குடிமகனாக 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் 'சாதாரணமாக வசிக்க' வேண்டும். வீட்டுப் பத்திரம் உங்கள் பேரில் இருப்பது மட்டும் வசிப்பது ஆகாது என்று சட்டமே சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போனால் வசிப்பு போய்விடாது என்றும் சொல்கிறது. ஆனால் பி.ஆர். வாங்கிக்கொண்டு போன ஏழு வருஷத்தைத் தற்காலிகம் என்று என்னால் வாதாட முடியாது, ஃபீஸ் கொடுத்தாலும். உங்கள் தெருமுனையில் கட்டட வேலைக்கு வந்து, வாடகைக்கு அறை எடுத்து, இங்கேயே படுத்து எழுந்திருக்கிற பீகார்க்காரருக்குப் பெரம்பூரில் பதிய உரிமை உண்டு, அங்கே ஊரில் பேரை எடுத்துவிட்டால். மழைத் தண்ணீர் புகுந்தால் அவர் அறையிலும்தான் புகும். எங்கே பிறந்தாய் என்று பட்டியல் கேட்பதில்லை, எங்கே படுக்கிறாய் என்றுதான் கேட்கிறது. அது உங்களை பெரம்பூரிலிருந்து எடுத்தது. அதே கேள்விதான் டூங்காபியில் உங்களைச் சேர்க்கவும் போகிறது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு சூடு என்று நீங்கள் கேட்கலாம். நான் வியாசர்பாடிக்காரி, பர்மாவிலிருந்து வந்த குடும்பம். பீச் ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டிருப்பீர்கள், வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா சூப் குடித்திருப்பீர்கள். அந்தச் சாப்பாடு கப்பலேறி வந்த கதைதான் எங்கள் கதையும். தாத்தா ரங்கூனில் மொகல் தெருவில் சின்னதாக மளிகைக்கடை வைத்திருந்தார். 1948 ஜனவரியில் பர்மாவுக்குச் சுதந்திரம் கிடைத்தது, வெளியிலிருந்து வந்தவர்கள் குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்று சட்டம் வந்தது. தாத்தா போடவில்லை. "ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடப் போறோம், எதுக்கு" என்றாராம். அந்த இரண்டு வருஷம் பதினாறு வருஷம் ஆனது. 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கல்லாவும் போனது, மூட்டையில் கட்டி வைத்ததும் போனது.

ஆயா கப்பலில் கொண்டுவந்த பிஸ்கட் டின் இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதற்குள் தாத்தாவின் வெளிநாட்டவர் பதிவுச் சீட்டு. மடிப்பில் கிழிந்து, ஆயா சோற்றுப் பசையால் ஒட்டி வைத்தது. ஒரு பக்கம் போட்டோ, சட்டையின் மேல் பித்தானை யாரோ போடச் சொல்லிப் போட்டது போலக் கழுத்தை இறுக்கிக்கொண்டு. கீழே கட்டை விரல் ரேகை. தாத்தாவுக்குத் தமிழில் நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரியும், ஆனாலும் ரேகைதான். மறுபக்கம் முத்திரை மேல் முத்திரை. ஒவ்வொரு முறையும் காசு கட்டி 'நான் இன்னும் வெளியாள்தான்' என்று எழுதிவாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

மனுப் போட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. போட்ட பலருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் தாத்தாவுக்குக் கேட்கவே தோன்றவில்லை. ஆயா சாகும்வரை இதற்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்குத் தேர்வும் முடிந்து ஒப்புதலும் வந்து கையில் இருக்கிறது.

ஊர்வலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானது, அன்று மகளை வீட்டிலேயே வைத்திருந்ததையும் நான் தப்பு என்று சொல்லமாட்டேன். இது புதிதும் இல்லை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் பர்மியர்களை வேலைக்கு வைத்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்து இந்தியர்கள் திரும்பியதும் பர்மியர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். வெட்டுக்குத்து ஆகி ஏராளமான இந்தியர்கள் செத்தார்கள். இரண்டு பக்கமும் கூலிகள், லாபம் பார்த்தவர் யார் மேலும் கீறல் படவில்லை. சிட்னியில் வீட்டு வாடகை தாங்க முடியவில்லை என்பது அந்த ஊர்வலத்தில் போனவருக்கும் உண்மை, வாடகை கட்டுகிற உங்களுக்கும் உண்மை. வாடகையைப் பற்றிச் சட்டம் போடுகிற இடத்தில் அவருக்கு ஓட்டு இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

பாதுகாப்பு என்ற கோணத்திலும் பாருங்கள். பி.ஆர். என்பது விசாதான். ஏதோ ஒரு வழக்கில் 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் குடியேற்றச் சட்டத்தின் 501-ஆம் பிரிவில் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பலாம். குடிமகனை அந்தப் பிரிவு தொடாது. நீங்கள் அப்படி எதிலும் போகிறவர் இல்லை, தெரியும். ஆனால் உங்கள் மகளைக் கவனித்தீர்களா? அவள் பிறந்தபோது நீங்கள் பி.ஆர். என்பதால் அவள் பிறவியிலேயே ஆஸ்திரேலியக் குடிமகள். வீட்டில் மூன்று பேரில் அவளுக்கு மட்டும்தான் அந்த நாட்டில் யாரும் கேள்வி கேட்க முடியாத இடம்.

அந்த ஊர் அரசியல் புரியவில்லை, ஒட்டவில்லை என்று இன்னொரு பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். 2025 மே 3 அன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தேர்தல் நடந்ததை வெளியே நின்று வேடிக்கை பார்த்ததாகவும், ரொட்டியில் வைத்த சாசேஜைக் காசு கொடுத்து வாங்கித் தின்றதாகவும். படித்துச் சிரித்தேன். அந்தக் காசு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. நம் பக்கம் தேர்தல் நேரத்தில் காசு எந்தத் திசையில் போகும் என்று ஆர்.கே. நகர் பக்கத்தில் வளர்ந்தவருக்கு நான் சொல்ல வேண்டுமா? 2017 ஏப்ரலில் அந்த இடைத்தேர்தலையே பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது, மறுபடி டிசம்பரில்தான் நடந்தது.

உறுதிமொழி எடுத்த பிறகு ஓட்டுப் போடுவது உங்களுக்கு உரிமை மட்டுமில்லை, கடமையும்கூட. 1924-லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். காரணமில்லாமல் போடாவிட்டால் தேசியத் தேர்தலுக்கு 20 டாலர் அபராதம். உள்ளே போனால் பேரும் முகவரியும் கேட்பார்கள், இந்தத் தேர்தலில் ஏற்கெனவே போட்டீர்களா என்று கேட்பார்கள், அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். விரலில் மையும் வைக்கமாட்டார்கள். முதல் தடவை கை சும்மா வருவது உங்களுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அட்டை மறைப்புக்குள் பென்சில் இருக்கும்.

சீட்டில் ஒருவருக்குக் குத்திவிட்டு வந்தால் அது செல்லாத ஓட்டு. கீழ்ச்சபைக்கு நிற்கும் அத்தனை பேருக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். முதல் விருப்பத்தில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு முதல் எண் போட்டவர்களின் இரண்டாவது விருப்பத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக்கொடுப்பார்கள். பாதியைத் தாண்டும்வரை இப்படியே போகும். 2025-ல் பிரதமர் ஆல்பனீசியின் லேபர் கட்சி முதல் விருப்பமாகப் பெற்றது நூற்றுக்கு 35-க்கும் குறைவுதான், ஆனால் 150-ல் 94 இடம் பிடித்தது. பெரிய கட்சி ஜெயித்துவிடுமே என்று பயந்து பிடித்த சின்னக் கட்சிக்குப் போடாமல் வருகிற கஷ்டம் அங்கே இல்லை. சின்னதற்கு 1 போட்டு, பொறுத்துக்கொள்ளக் கூடியதற்கு 2 போடலாம். பிடிக்கவே பிடிக்காதவருக்குக் கடைசி எண் போடுகிற சுகம் நமக்கு இங்கே கிடையாது, எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. எந்தக் கட்சிக்கு என்று என்னிடம் கேட்காதீர்கள். வாடகை, பள்ளிக்கூடம், ரயில் மூன்றிலும் யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால் போதும், ரயில் உங்கள் தொழில் வேறு.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். 1984 ஜனவரி 26-க்கு முன் பட்டியலில் இருந்த பிரிட்டிஷ் பிரஜைகள், ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்காமலே இன்றும் அங்கே ஓட்டுப் போடலாம். அவர்களில் யாராவது உங்கள் தெருவிலேயே இருக்கலாம். ஊர்வலத்தில் அவர்களைப் பற்றி யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.

இனி அப்பா. "வித்துட்டியா" என்ற சொல் உங்களைத் தைத்திருக்கிறது. லோகோவில் வேலை பார்த்தவர், தொழிற்சங்க கேட் மீட்டிங் கேட்டு வளர்ந்தவர், பாஸ்போர்ட் அவருக்கு வெறும் பயணச் சீட்டு கிடையாது. உறுதிமொழியில் ராஜாவுக்கு விசுவாசம் சொல்ல வேண்டுமோ என்று நினைத்திருக்கலாம், வெள்ளைக்காரன் காலத்துக் கோபம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. 1994-லிருந்து உறுதிமொழியில் ராஜா ராணி யாரும் இல்லை என்று சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும் விசுவாசம், அவர்களின் ஜனநாயக நம்பிக்கையைப் பகிர்கிறேன், உரிமைகளை மதிக்கிறேன், சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன், அவ்வளவுதான். கடவுள் பேரைச் சொல்லியும் எடுக்கலாம், சொல்லாமலும் எடுக்கலாம். உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, இரண்டுக்கும் இடமிருக்கிறது.

அவரிடம் சொல்ல இன்னும் நல்ல விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிப்போவில் சம்பள ஒப்பந்தத்துக்கு எல்லாத் தொழிலாளரும் ஓட்டுப் போட்டோம், நான் எதிர்த்துப் போட்டேன், ஆனால் அது பாஸ் ஆகிவிட்டது என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அங்கே நிறுவன ஒப்பந்த வாக்கெடுப்புக்குக் குடியுரிமை வேண்டியதில்லை, வேலையில் இருந்தால் போதும். உங்கள் பெரம்பூரில் 1918 ஏப்ரல் 27 அன்று மில் தொழிலாளர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அவர்கள் யாருக்கும் சட்டசபைக்கு ஓட்டு கிடையாது. சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் பேசக் கேட்க வந்தவர்கள் வேலைநேரத்தையும் அடி உதையையும் பற்றிப் பேசத்தான் வந்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் என்ன இருந்தது, ஏன் எதிர்த்தீர்கள் என்று அப்பாவுக்கு விவரமாகச் சொல்லுங்கள். ஓவர்டைம் கணக்கா, ஷிப்டா? ரிட்டயர் ஆன ஃபிட்டர், இதற்கு அவரால் பேசாமல் இருக்க முடியாது.

ஆகவே என் ஆலோசனை: ஒரு தடவை ஊருக்கு வந்து போங்கள், திரும்பிப் போய் உறுதிமொழி எடுங்கள். பெரம்பூர் அரசியலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் சேர்ந்து பேசுங்கள், சண்டை போடுங்கள், வியாசர்பாடியில் நாங்கள் அறுபது வருஷமாக ரங்கூனைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் உறுதிமொழிக்கு அப்புறம் இங்கே ஓட்டுப் போடக் கூடாது, படிவம் 6ஏ கொடுத்திருந்தால் அதையும் ரத்து செய்ய வேண்டும். ஓ.சி.ஐ. அட்டையில் 'குடியுரிமை' என்ற வார்த்தை இருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள், அதற்கு ஓட்டும் கிடையாது, தேர்தலில் நிற்கவும் முடியாது.

வரும்போது கையோடு உங்கள் பிறப்புச் சான்றிதழ் அசலையும், அப்பா அம்மா ஆவணங்களின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள், ஓ.சி.ஐ.க்குக் கேட்கலாம். பேங்க்கில் உங்கள் கணக்கு இன்னும் சாதாரணக் கணக்காகவே இருந்தால் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள், அதை 2018-லேயே செய்திருக்க வேண்டும். அம்மாவின் ரேஷன் கார்டில் இன்னும் உங்கள் பேர் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு வக்கீல் வேண்டாம்.